குவியலுக்கு ஏது ஏக்கர்?

மனை பார்க்கும்போது எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. முழ ஆழத்துக்கு ஒரு குழி எடுத்து, எடுத்த மண்ணை அதே குழியில் திருப்பித் தள்ளுவார்கள். மண் மிஞ்சினால் உத்தமம். மட்டமாக நின்றால் மத்திமம். குழி நிரம்பாமல் போனால் அந்த மனை ஆகாது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் அப்பா பார்த்த வேலை என்னவென்று நான் சின்ன வயதில் கேட்டபோது, இந்தக் குழியை வைத்துத்தான் விளக்கினார். "நாங்க எடுக்கிற மண்ணு எப்பவும் மிஞ்சும் பாப்பா. பூமிக்குள்ள இறுகிக் கிடந்தது வெளிய வந்ததும் உப்பிக்கும். அதான் மலை மாதிரி நிக்குது."

அந்த மலைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். மந்தாரக்குப்பம் சாலையில் பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே செம்மஞ்சளாக மண்மேடு கூடவே வரும். அப்பா முதல் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். தாத்தாவின் முந்திரிக்கொல்லை அந்தச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. நான் படித்து, மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது ஆண்டுக்கு மேல் பிறர் வயல் மண்ணைச் சலித்து, எடை போட்டு, அட்டையில் எண் எழுதிக் கொடுத்து ஓய்வுபெற்றேன். ஆகவே தோண்டிக் குவித்த மண் மறுபடி வயலாகுமா என்ற கேள்வி எனக்கு வீட்டுக் கேள்வி, தொழில் கேள்வி இரண்டும்தான்.

நெய்வேலியின் கதையை நிலக்கரியிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்புத் துகள் வந்தது. அதை அவர் அசட்டை செய்யாமல் அரசுக்குத் தெரிவித்தார். 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வரிசையாகத் துளையிட்டுப் பார்த்து, கீழே கிடப்பது பழுப்பு நிலக்கரிப் படுகை என்று உறுதி செய்தது. பிறகு காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் வந்தது. 1956 நவம்பர் 14 அன்று சுரங்க நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்.

நடுவில் போன அந்த நான்கு ஆண்டும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் போன ஆண்டுகள். கீழே படுகையை அழுத்திக்கொண்டு ஊற்றுநீர் மேல்நோக்கித் தள்ளியது. அதை இரவு பகல் நிறுத்தாமல் இறைக்காவிட்டால் தரையே பிளந்து நீர் பொங்கிவிடும். மேலே கடலூர் மணற்பாறையும் களியும் அடுக்கடுக்காகக் கிடந்தன. அதை வெட்ட ஜெர்மனியிலிருந்து பக்கெட் வீல் இயந்திரங்கள் வந்தன. சக்கரம் சுழன்று வெட்டும், பெல்ட் சுமந்து போகும், மறுமுனையில் ஸ்பிரெட்டர் விசிறிக் கொட்டும். ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண் எடுக்க வேண்டியிருந்தது. அந்த மண்ணுக்குச் சுரங்கத்தில் பெயர் ஓபி, அதாவது ஓவர்பர்டன். மேலே கிடக்கும் பாரம் என்று பொருள். அப்பா வாயில் நாள் முழுக்கப் புழங்கிய சொல் அது. அவர் வெறுப்போடு சொன்னதில்லை. ஆனால் எங்கள் ஆயா காதில் அது ஒருநாளும் நல்லபடியாக விழவில்லை. "மணிலா போட்ட மண்ணு பாரமாடா உங்களுக்கு?" என்பாள்.

அவள் கேட்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. நிலக்கரி அறுபது மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேர் உலாவும் மேல்மண் ஓரடி. அறுபது மீட்டரில் ஓரடி என்பது இருநூறில் ஒரு பங்கு. பக்கெட் வீல் இருபது மீட்டர் உயரச் சுவரைச் செதுக்கும்போது, அந்த ஓரடியை முதலில் தனியே வழித்து எடுக்காவிட்டால், அது மணலோடும் களியோடும் ஒரே பெல்ட்டில் ஏறிக் காணாமல் போகும். அண்டா உலையில் போட்ட சிட்டிகை உப்பு போலத்தான். இருந்தது பொய்யில்லை, திரும்ப எடுக்கவும் முடியாது. முந்திரியும் பலாவும் கம்பும் மணிலா என்ற நிலக்கடலையும் விளைந்தது அந்தச் சிட்டிகையில்தான். கொல்லையைக் கொடுத்தபோது வந்தவர்கள் ஒவ்வொரு முந்திரி மரத்திலும் எண் எழுதினார்கள் என்று தாத்தா சொல்லுவார். மரத்துக்கு எண் இருந்தது. காணிக்கு அளவு இருந்தது. மண்ணை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

இதை எழுதும்போது ஒரு காலப்பொருத்தம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இந்த நாட்டில் விவசாயிகளுக்கான மண் பரிசோதனைக் கூடங்கள் முறையாகத் தொடங்கியது 1955-56ல்தான். மண்ணில் பயிருக்குக் கிட்டும் தழைச்சத்தைப் பெர்மாங்கனேட் கரைசலால் அளக்கும் முறையைச் சுப்பையா, அசிஜா என்ற இருவர் வெளியிட்டது 1956ல். நான் வேலை பார்த்த காலம் முழுதும் அந்த முறையைத்தான் கையாண்டேன். கோவையில் அதற்கும் முன்பே, 1909ல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை ஒன்று இன்றுவரை நடக்கிறது. ஒரே வயலை நூறாண்டுக்கு மேலாக விடாமல் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக, நாடு மண்ணைக் கிராம் கணக்கில் நிறுக்கக் கற்றுக்கொண்ட அதே பத்தாண்டில், நெய்வேலியில் மண்ணை லட்சம் டன் கணக்கில் வாரக் கற்றுக்கொண்டோம். ஒன்று என் வேலை, மற்றது அப்பாவின் வேலை. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வெகுகாலம் ஆயிற்று.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1980களின் கடைசி, வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெரியவர் துணிப்பையில் மண் கொண்டுவந்தார். பள்ளமான கொல்லையில் சுரங்கப் பக்கத்து மண்ணை அடித்து நிரவியிருந்தார், கம்பு விதைக்கப் போகிறார். மாதிரி எடுத்த முறையில் குறை சொல்ல முடியாது. 'வி' வடிவில் வெட்டி, பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்து, கலந்து, கால் பங்கீடு செய்து அரைக்கிலோ கொண்டுவந்திருந்தார். நிழலில் உலர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, சலித்து எடுத்தேன்.

அங்ககக் கரிமம் பார்ப்பதில் ஓர் அழகு உண்டு. சலித்த மண்ணைக் குடுவையில் இட்டு, ஆரஞ்சு நிற டைகுரோமேட் கரைசலைப் பத்து மில்லி விட்டு, அடர் கந்தக அமிலம் இருபது மில்லி ஊற்றினால் குடுவை கை பொறுக்காத சூடாகும். அரைமணி நேரம் அப்படியே விட வேண்டும். பிறகு தண்ணீர், பாஸ்பாரிக் அமிலம், சொட்டு டைபினைலமீன். பியூரெட்டிலிருந்து பெர்ரஸ் கரைசல் இறங்க இறங்க, கலங்கலாக இருந்தது கருநீலமாகும், ஊதாவாகும், கடைசியில் ஒரே ஒரு சொட்டில் பச்சையாகிவிடும். அந்தச் சொட்டைத் தவறவிடக் கூடாது. நான் தவறவிடவில்லை. கணக்குப் போட்டேன். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேலே போனால் மிகுதி. பெரியவரின் மண் மிகுதி என்றது. மிகுதி என்றால் உரப் பரிந்துரையில் தழைச்சத்தைக் கால் பங்கு குறைத்து எழுதுவோம். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

முப்பத்தைந்து நாள் கழித்துக் கையில் வேரோடு பிடுங்கிய கம்புப் பயிரோடு வந்து நின்றார். அடியிலை எல்லாம் மஞ்சள். சாண் உயரம் கூட இல்லை. "நீங்க எழுதிக் குடுத்தபடிதாம்மா போட்டேன்" என்றார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மிச்சம் வைத்திருந்த மாதிரியை அன்று மாலை வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் பரப்பினேன். மணல், களிக்கட்டி, நடுவே கடுகளவில் கறுப்புத் துணுக்குகள். மட்கிய வேரென்று முதலில் பார்த்தபோது நினைத்திருந்தேன். ஒன்றை நகத்தால் நசுக்கினேன். தாளில் பழுப்பாகக் கோடு இழுத்தது. தண்ணீரில் போட்டேன். மணல் போலச் சட்டென்று இறங்காமல் தயங்கித் தயங்கி இறங்கின. நிலக்கரித் துணுக்குகள். அப்பா வேலை முடிந்து வந்து சட்டையை உதறும்போது முற்றத்தில் விழுமே, அதே துணுக்குகள். டைகுரோமேட்டுக்குப் போன மாதம் மட்கிய இலையும் தெரியாது, கோடி ஆண்டுக்கு முன் புதைந்த மரமும் தெரியாது. கரிமம் என்றால் எரிக்கும். எரிந்ததை நான் எண்ணாக எழுதிவிட்டேன். இடுக்கியால் கறுப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி சோதித்தேன். மிகுதி, குறைவுக்கு இறங்கிவிட்டது. பயிருக்குச் சோறு போடாத கரிமம் அது. ஜெர்மனியின் லுசாட்டியா சுரங்கப் பகுதியிலும் மண் ஆய்வாளர்கள் இதே சிக்கலோடு மல்லாடியிருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டு கழித்துத்தான் படித்தேன். பெரியவருக்கு அந்தப் போகம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு, இருந்த இடத்திலிருந்து பெயர்ந்த மண் எது வந்தாலும் அட்டையில் எண் எழுதக் கை தயங்கும். யோசித்துப் பாருங்கள். எங்கள் அட்டையில் எல்லாச் சத்தும் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று இருக்கும். கூடத்தில் நாங்கள் அளப்பது சில கிராம் மண்ணைத்தான். அதை ஹெக்டேருக்குப் பெருக்க, பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு ஹெக்டேர் மண்ணின் எடை 22.4 லட்சம் கிலோ என்று ஓர் எண்ணை வைத்திருக்கிறோம். வயலுக்கு அது பொருந்தும். வயலுக்கு மேல் உண்டு, கீழ் உண்டு, பரப்பு உண்டு. குவியலுக்கு ஏது ஏக்கர்? அதை அரையடி கனத்துக்குப் பரப்பினால் ஒரு கணக்கு, முக்காலடி கனத்துக்குப் பரப்பினால் வேறு கணக்கு, லாரிச் சக்கரம் ஏறி இறுகிய இடத்தில் இன்னொரு கணக்கு. குவித்து வைத்த மண்ணைச் சோதிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இதை எங்கே எத்தனை கனத்தில் போடப் போகிறீர்கள் என்பதே.

இரண்டாவது, குவியலுக்கு வயிறு ஒன்று உண்டு. இரண்டாள் உயரத்துக்கு மேலே கொட்டி வைத்த மேல்மண்ணின் நடுவில் ஆகர் என்னும் மண் துளைப்பானை இறக்கி இழுத்தால், மூக்கே முதல் அறிக்கையைத் தந்துவிடும். புழுங்கிய வாடை. செம்மண்ணிலும் சாம்பல் நீலத் திட்டுகள். காற்று போகாத இடத்தில் மண்புழு இல்லை, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் மெல்லச் செத்துப்போகின்றன, விதைகள் முளைக்கும் திறனை இழக்கின்றன. ஆனால் செத்தவற்றிலிருந்து கழன்ற தழைச்சத்து அமோனியமாக அங்கேயே தேங்கும், நைட்ரேட்டாக மாற்றக் காற்று இல்லாததால். அந்த மண்ணைப் பெர்மாங்கனேட்டில் சோதித்தால் தழைச்சத்து தாராளமாக இருப்பதாகக் காட்டும். எண் பொய்யில்லை. அதைப் பரப்பி வெயிலும் காற்றும் பட்ட சில வாரத்தில் அமோனியம் பெரும்பாலும் நைட்ரேட்டாகும், ஐப்பசி மழை ஒன்று அடித்தால் ஆழத்துக்குக் கழுவிக்கொண்டு போகும். கரிமம் ஏமாற்றுவது ஒரு விதம் என்றால் இது இன்னொரு விதம். அதனால்தான் இப்படிப்பட்ட மண்ணை மூடிய ஜாடியில் காரக் கரைசலோடு வைத்து, அது விடும் கரியமில வாயுவை அளந்து பார்க்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்லி வந்தேன். மண் மூச்சு விடுகிறதா என்று பார்ப்பது பெரிய செலவில்லாத வேலை.

பக்கெட் வீலை நமக்குக் கொடுத்த ஜெர்மனி, ரைன் நதிப்புறத்து நிலக்கரி வயல்களில் இதற்கு என்ன செய்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அங்கே மேலே கிடப்பது காற்று கொண்டுவந்து படிய வைத்த லோஸ் என்னும் நுண்வண்டல். அதைத் தனியே எடுத்து, கொட்டிய மண்மேட்டின் தலையில் இரண்டு மீட்டர் கனத்துக்குப் பரப்புகிறார்கள். உடனே விவசாயி கையில் கொடுப்பதில்லை. ஏழு ஆண்டு நிறுவனமே பயிர் செய்கிறது. முதல் மூன்று ஆண்டு குதிரை மசால் மட்டும். அதன் வேர் ஆழமாக இறங்கி இறுக்கத்தை உடைக்கும், தழைச்சத்தைச் சேர்க்கும். பிறகு தானியம். அதற்குப் பிறகுதான் நிலம் கைமாறும். அமெரிக்காவில் 1977ல் வந்த திறந்தவெளிச் சுரங்கச் சட்டம் மேல்மண்ணைத் தனியே எடுக்க வேண்டும், முதல்தர விளைநிலமென்றால் அடிமண் அடுக்கையும் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும் என்றது. இவர்களுக்கும் நமக்கும் வானிலை வேறு. லோஸ் போன்ற மண்ணும் நமக்கு இல்லை. ஆனால் பொறுத்திருக்கும் அந்த ஏழு ஆண்டு எந்த மண்ணுக்கும் பொதுவானது.

நெய்வேலியில் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அது உண்மையில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் சுரங்க மண்ணில் ஆய்வு செய்திருக்கிறார்கள். தொழு உரம், பசுந்தாள், உயிர் உரம், சாம்பல் என்று பலதும் போட்டுப் பார்த்தார்கள். நிலக்கரியிலிருந்தே ஹியூமிக் அமிலத்தைப் பிரித்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலையும் நடந்தது. மேடுகளில் மரம் நிற்கிறது, சில இடத்தில் நெல்லும் விளைந்திருக்கிறது. இதே ஊரில்தான் 1960களின் நடுவிலிருந்து நிலக்கரியைக் கொண்டு யூரியா செய்தார்கள். தமிழ்நாட்டு வயல்களுக்கு நெய்வேலி யூரியா போனது. எங்கள் அடுப்புக்கு லெகோ கரி வந்தது. சுரங்கத்துக் களி வெள்ளையாகப் பிரிந்து பீங்கான் தொழிலுக்குப் போனது. பூமிக்குள்ளிருந்து வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பயனும் ஒரு விலையும் கண்டுபிடித்த ஊர் இது. மேலே கிடந்த ஓரடிக்கு மட்டும் விலை வைக்கத் தாமதமாகிவிட்டது. மரம் வளர்ந்துவிட்டால் மண் மீண்டுவிட்டது என்று எண்ணுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. முரட்டு மண்ணிலும் சவுக்கு நிற்கும். மணிலா நிற்குமா என்று கேட்க வேண்டும்.

2023 ஜூலையில் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் பச்சைப் பயிராக நின்ற நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். எல்லோரும் பயிரைப் பார்த்து அழுதார்கள். நானும்தான் அழுதேன். கூடவே என் கண் அந்த வாளியையே தொடர்ந்தது. நாற்றோடு சேர்ந்து வந்த வயல் மண்ணும், அதற்கு அடுத்த வெட்டில் வந்த அடிமண்ணும் ஒரே கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்துகொண்டிருந்தன. பயிர் அடுத்த பட்டத்தில் வரலாம். அந்த அடுக்கு வராது.

போன ஆண்டு தம்பி மகள் வந்தாள். வேளாண்மை படிக்கிறாள். மூன்று பைகளில் மண். "அத்தை, ஒரே குவியல்தான். மேல, நடுவுல, அடியிலன்னு மூணு ஆழத்துல எடுத்தேன். என்ன எழுதணும்னு தெரியல" என்றாள். எத்தனை மாதமாகக் குவிந்திருக்கிறது என்று கேட்டேன். இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டதாம். வடலூர்ப் பக்கத்துக் கொல்லை மண்ணையும் ஒரு பை கொண்டுவரச் சொன்னேன். நான்கு மண்சட்டிகளில் நிரப்பித் தட்டைப்பயறு விதைத்தோம்.

நடுக்குவியல் மண்ணில் முளைத்தவைதான் முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் விடக் கரும்பச்சையாக இருந்தன. அவள் வியந்துபோனாள். தினமும் தண்ணீர் விட்டோம். சட்டியின் துளை வழியாக அது வடிந்துகொண்டே இருந்தது. நாற்பதாம் நாள் அந்தச் சட்டியில் அடியிலை மஞ்சளாகிவிட்டது. நான்கையும் சாய்த்து வேரை வாளித் தண்ணீரில் அலசினோம். கொல்லை மண் வேரில் மிளகு மிளகாக முடிச்சு. ஒன்றைப் பிளேடால் வெட்டிக் காட்டினேன், உள்ளே இளஞ்சிவப்பு. நடுமண் வேர் வழுக்கையாக வந்தது. மேல்மண்ணில் ஐந்தாறு முடிச்சு இருந்தது. அடிமண்ணில் ஒன்றுமில்லை.

அதே நடுமண்ணைத் தாளில் பரப்பி ஒரு வாரம் நிழலில் ஆறவிட்டு, ஒரு பிடி கொல்லை மண்ணும் ஒரு பிடி மட்கிய சாணமும் கலந்து மறுபடி விதைத்தோம். தை பிறந்ததும் சட்டியைச் சாய்த்தாள். பக்க வேரில் மூன்று முடிச்சு. வெட்டிப் பார்த்தாள். இரண்டு வெள்ளை, ஒன்று சிவப்பு. நோட்டில் தேதி போட்டு அதை எழுதிக்கொண்டாள். மண்ணைக் கொட்டிவிடாமல் திரும்பச் சட்டியில் நிரப்பி, அடுத்த விதைப்புக்குத் தண்ணீர் தெளித்து வைத்தேன்.